பழுது யாருக்குச் சொந்தம்?

சட்டைப்பையில் அடங்குகிற கேமராவுக்குப் பெரிய கேமராவின் விலையைக் கொடுப்பவர், அடக்கிய வித்தைக்குத்தான் அந்தப் பணத்தைக் கொடுக்கிறார். 2012இல் சோனி கொண்டுவந்த ஆர்எக்ஸ்100 அந்த வித்தைக்கு நல்ல உதாரணம். பேட்டரி, மெமரி கார்டு எல்லாம் சேர்ந்து சுமார் 240 கிராம்தான் எடை. உள்ளே இருக்கும் சென்சாரோ 13.2க்கு 8.8 மில்லிமீட்டர், அன்றைய சாதாரணப் பாக்கெட் கேமராக்களின் சென்சாரைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு பரப்பு. அதன்மேல் ஒளியைக் கொண்டுசேர்க்கும் ஜூம் லென்ஸ், கேமராவை அணைத்ததும் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருங்கி உடம்புக்குள் போய்விடும். அதற்கு முன்பே கேனனின் ஜி வரிசை, பானசோனிக்கின் எல்எக்ஸ்3, ரிக்கோவின் ஜிஆர் டிஜிட்டல் என்று இந்த வகை வேரூன்றியிருந்தது. இவையெல்லாம் விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கியவர்களுக்கு மேக்னம் புகைப்பட அமைப்பைச் சேர்ந்த அலெக்ஸ் மயோலி அப்போதே பதில் சொல்லிவிட்டார்: ஈராக்கிலும் காங்கோவிலும் அவர் எடுத்த படங்களில் பல ஒலிம்பஸின் சிறிய கேமராக்களில் எடுத்தவை. ஆகவே இவற்றின் திறமை பற்றி எனக்குக் கேள்வியில்லை. எந்த அடக்கம் இவற்றை நம் கைக்குக் கொண்டுவந்ததோ, அதே அடக்கம்தான் இவற்றின் பழுதுகளுக்குப் பிறப்பிடம். அந்தப் பழுதுகளை நம் கண்ணிலிருந்து மறைத்து வைப்பதும் அதுதான். கேமரா யாருடையது என்பதற்குக் கடையில் பில் கொடுத்துவிடுகிறார்கள். அது மக்கர் செய்யும்போது கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கும் வழி யார் கையில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் அந்த உரிமையை அளக்க வேண்டும் என்பது என் வாதம்.

பொத்தானை அழுத்தியதும் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். லென்ஸை மூடியிருக்கும் மெல்லிய இதழ்கள் விலகுகின்றன. ஒரு சின்ன மோட்டார், பிளாஸ்டிக் பல்சக்கரங்கள் வழியாக ஒரு குழலைத் திருப்புகிறது. குழலில் சாய்வாக வெட்டிய பள்ளங்களில் வழுக்கிக்கொண்டு லென்ஸ் அடுக்குகள் முன்னால் வருகின்றன. வந்து சேர்ந்தாயிற்றா என்று பார்த்துச் சொல்ல, ஒளியால் வேலை செய்யும் உணரிகள் இருக்கின்றன. குறித்த நேரத்துக்குள் குறித்த இடத்துக்கு லென்ஸ் வரவில்லை என்றால் கேமரா மோட்டாரை நிறுத்திவிட்டு, 'லென்ஸ் எரர், கேமராவை மீண்டும் இயக்கவும்' என்று திரையில் காட்டும். கேனனின் பழைய பவர்ஷாட்களில் இதற்கு 'இ18' என்று பெயர். அந்த மூன்றெழுத்தைக் கண்டு வயிறு கலங்கியவர்கள் உலகமெங்கும் உண்டு. கடற்கரை மணலில் ஒரு துகள் பள்ளத்தில் சிக்கினால் இந்த எரர் வரும். பேட்டரி தளர்ந்து மோட்டாருக்கு வலு போதாவிட்டாலும் வரும். பைக்குள் இருக்கும்போது பொத்தான் அழுந்தி, வெளியே வர முயன்ற லென்ஸ் துணியில் முட்டிப் பல்சக்கரம் நழுவினாலும் அதே எரர்தான். முதலாவது காற்றூதியால் தீரலாம். இரண்டாவதற்கு நன்றாகச் சார்ஜ் ஏற்றிய வேறொரு பேட்டரியும், மின்முனைகளைத் துடைக்க உலர்ந்த துணியும் போதும். மூன்றாவதற்கு மெக்கானிக் வேண்டும். மூன்று காரணங்களுக்கும் கேமரா சொல்வது ஒரே வாசகம் என்பதால், ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்துக் காரணத்தைப் பிரித்தெடுக்கும் பொறுப்பு உரிமையாளர் தலையில் விழுகிறது. அவர் அதைச் செய்யாமல் நேரே சர்வீஸ் சென்டருக்குப் போனால், பெரும்பாலும் லென்ஸ் யூனிட்டையே மாற்ற வேண்டும் என்பார்கள். பேட்டரிக் கோளாறுக்கும் அதே தீர்ப்பு கிடைக்க வாய்ப்பிருக்கிறது.

தூசி இன்னொரு வகை. லென்ஸ் நீண்டு சுருங்கும்போது உள்ளே இருக்கும் காற்றின் கொள்ளளவு மாறுகிறது. சைக்கிள் பம்பு போல அது வெளிக்காற்றை இழுத்து விடுகிறது. காற்றோடு வரும் தூசி சென்சாரின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. லென்ஸ் மாற்றும் கேமராவாக இருந்தால் லென்ஸைக் கழற்றிச் சுத்தம் செய்துவிடலாம். இங்கே லென்ஸ் கழலாது. 2013இல் வந்த ரிக்கோ ஜிஆர் இந்தத் தொல்லைக்குப் பேர்போனது. தெருவிலே நடந்தபடி படமெடுப்பவர்களின் செல்லக் கேமரா அது. சட்டைப்பையிலிருந்து எடுப்பதும் போடுவதுமாக நாளெல்லாம் லென்ஸ் நீண்டு சுருங்க, புள்ளி விழுவதில் வியப்பில்லை. அதிர்வால் சென்சாரிலிருந்து தூசியை உதறும் ஏற்பாடு 2019இன் ஜிஆர் 3இல்தான் வந்தது. தூசி இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. லென்ஸின் துளையை எஃப் 11க்கோ எஃப் 16க்கோ சுருக்கி, மேகமில்லாத வானத்தைப் படமெடுக்க வேண்டும். சாம்பல் நிறத்தில் ஓரம் மங்கிய வட்டங்கள் ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் தெரிந்தால் அது சென்சார் தூசி. எஃப் 2.8க்குத் திறந்ததும் அவை கரைந்துபோகும். போகவில்லை என்றால் சந்தேகம் வேறு இடத்துக்குப் போக வேண்டும். வீட்டிலுள்ள வேக்குவம் கிளீனரின் குழாயை லென்ஸ் முகப்பில் பிடித்துத் தூசியை உறிஞ்சுகிறவர்கள் பல நாடுகளிலும் இருக்கிறார்கள். சிலருக்குத் தூசி போய்விடுகிறது, சிலருக்குப் புதிதாக நாலு புள்ளி வந்து சேர்கிறது. இவ்வளவு விலையுள்ள கருவிக்கு இந்த வைத்தியம் செய்ய வேண்டியிருப்பதற்கு உரிமையாளரின் அவசரம் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். சென்சாரைத் தொட வழி விடாத வடிவமைப்புதான் அவரை அங்கே கொண்டு நிறுத்துகிறது.

இதைவிட நுட்பமான கோளாறுகள் படத்துக்குள் ஒளிந்திருக்கும். 2011இல் வந்த ஃபுஜிஃபிலிம் எக்ஸ்100 கேமராவில் லென்ஸ் துளையைச் சுருக்கும் இதழ்கள் சில பிரதிகளில் ஒட்டிக்கொண்டன. எஃப் 8 என்று வைத்தால் கேமராவும் எஃப் 8 என்றே படத்தின் தகவலில் எழுதும். இதழ்களோ விரிந்தபடியே நிற்கும். வெயிலில் எடுத்த படம் வெளுத்துப்போகும். புதிதாக வாங்கியவர் தனக்கு எக்ஸ்போஷர் தெரியவில்லை என்றே நினைப்பார். அவருடைய தன்னம்பிக்கையைத் தின்னும் பழுது இது. கண்டுபிடிக்க வழி உண்டு: வெளிச்சம் மாறாத ஒரு வெள்ளைச் சுவரை எஃப் 4, 5.6, 8, 11 என்று வரிசையாக, ஷட்டர் வேகத்தைக் கேமராவின் பொறுப்பில் விட்டு எடுக்க வேண்டும். எல்லாப் படமும் ஏறக்குறைய ஒரே பிரகாசத்தில் இருக்க வேண்டும். துளை சுருங்கச் சுருங்கப் படம் வெளுத்துக்கொண்டே போனால், குற்றம் எடுத்தவருடையது இல்லை. இந்தச் சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. துளைக்கும் வேகத்துக்கும் உள்ள உறவு தெரிந்திருந்தால் போதும். இங்கேதான் பழுது பார்ப்பதும் படமெடுக்கக் கற்பதும் ஒன்றாகிவிடுகின்றன. ஒளி லென்ஸுக்குள் நுழைந்து கோப்பாகப் பதிவாகும்வரை உள்ள வழியைத் தெரிந்துகொண்டவருக்குத்தான் அந்த வழியில் எந்த இடத்தில் தடங்கல் என்று சொல்ல முடியும்.

இதெல்லாம் தனிமனிதர் சாமர்த்தியத்தில் முடிகிற காரியமா என்றால், இல்லை. 2005 அக்டோபரில் நடந்தது அதற்குச் சாட்சி. கேனன், நிக்கான், ஃபுஜிஃபிலிம், ஒலிம்பஸ், ரிக்கோ, கோனிக்கா மினோல்டா, சோனி என்று போட்டிக் கம்பெனிகள் பலவும் அடுத்தடுத்து அறிவிப்பு வெளியிட்டன: அதற்குமுன் சில ஆண்டுகளில் விற்ற குறிப்பிட்ட மாடல்களில் படம் சிதைந்து வரலாம், அல்லது படமே வராமல் போகலாம், உத்தரவாதக் காலம் முடிந்திருந்தாலும் இலவசமாகச் சரிசெய்து தருகிறோம். காரணம் எல்லாருக்கும் பொது. அவர்கள் அனைவரும் சோனி தயாரித்த சிசிடி சென்சாரைப் பயன்படுத்தியிருந்தார்கள். அந்தச் சென்சாரின் உறைக்குள் இருந்த நுண்ணிய கம்பி இணைப்புகள் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் விட்டுப்போயின. உஷ்ணமும் ஈரமும் மிகுந்த இடங்களில் வைத்திருந்தால் இது நேரலாம் என்று அறிவிப்பிலேயே சொல்லியிருந்தார்கள். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் யாழ்ப்பாணத்திலும் ஆண்டின் பெரும்பகுதி வீசும் காற்றைத்தான் அந்த வாசகம் குறிக்கிறது. நம் ஊரில் லென்ஸுக்குப் பூஞ்சை பிடிப்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைப்பார்கள். சென்சாரே ஈரத்தில் சாகும் என்று யாருக்குத் தெரியும்? கேமரா திடீரென்று ஊதாக் கோடுகளைக் காட்டியபோது எத்தனையோ பேர் 'கீழே போட்டிருப்பேன்', 'பிள்ளை கையில் கொடுத்திருக்கக் கூடாது' என்று தங்களையே நொந்துகொண்டு அதை அலமாரியில் போட்டிருப்பார்கள். அந்தப் பழுதுக்கு ஓர் அடையாளம் இருந்தது. மெனு ஒழுங்காகத் தெரியும், முன்பு எடுத்த படங்களும் நன்றாகத் தெரியும், புதிதாக எடுப்பது மட்டும் சிதையும். அப்படியென்றால் திரை நன்றாக இருக்கிறது, கார்டு நன்றாக இருக்கிறது, மிஞ்சியது சென்சார் பக்கம். அந்த அடையாளமும் கம்பெனியின் அறிவிப்பும் ஒன்றுசேரக் கிடைத்தவருக்குப் புதுச் சென்சார் வந்தது. அறிவிப்பு எட்டாதவருக்குக் கேமரா போயிற்று. பழுதைப் பற்றிய தகவல் எவ்வளவு பெறுமானமுள்ள சொத்து என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எல்லாத் தொல்லையும் பழுது ஆகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஃபுஜியின் எக்ஸ்10 கேமராவில் ஒளி தெறிக்கும் இடங்கள் கூர்மையான விளிம்புள்ள வெள்ளைத் தட்டுகளாகப் பதிந்தன. முதலில் ஃபர்ம்வேர் மாற்றத்தால் சமாளிக்கப் பார்த்த கம்பெனி, வாங்கியவர்கள் படங்களை ஒப்பிட்டுக் காட்டி விடாமல் கேட்டதால், 2012இல் சென்சாரையே மாற்றிக் கொடுத்தது. அது வடிவமைப்பில் நேர்ந்த பிழை. ஆனால் கேனன் ஜி7இல் நடந்தது வேறு. ஜி6 வரை இருந்த, சென்சார் தரும் தகவலை அப்படியே சேமிக்கும் ரா கோப்பு வசதி, 2006இல் வந்த ஜி7இல் எடுக்கப்பட்டது. மறுவருடம் ஜி9இல் திரும்பி வந்தது. இடையிலே ஜி7 வாங்கியவரின் சென்சார் அந்தத் தகவலைத் தரத்தான் செய்தது, கேமராவின் மென்பொருள்தான் அதைக் கையில் கொடுக்க மறுத்தது. சிஎச்டிகே என்ற இலவச மென்பொருளை ஆர்வலர்கள் எழுதியதும் அந்த மறைப்பு விலகியது. அது மெமரி கார்டிலிருந்து ஏறி வேலை செய்யும். கார்டை எடுத்துவிட்டால் கேமரா பழையபடி ஆகிவிடும். தன் கேமராவில் ஏற்கனவே இருந்த ஒன்றைப் பெற, காசு கொடுத்து வாங்கியவர் மூன்றாம் மனிதரின் உழைப்பை நம்பி இருக்க வேண்டியிருந்தது. வாங்கியவரின் தவறு, இயற்கையின் தேய்மானம், தயாரித்தவரின் முடிவு ஆகிய மூன்றும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும். பிரித்து அறிய முடியாதவர் மூன்றுக்கும் பழியைத் தானே சுமப்பார், செலவையும் தானே ஏற்பார்.

இப்படிப் பிரித்துச் சொல்ல கேமராவுக்கே ஓரளவு தெரியும் என்பது கூடுதல் வருத்தம். சோனியின் சைபர்ஷாட்கள் திரையில் குறியீடு காட்டும். சி:13 என்றால் மெமரி கார்டில் சிக்கல். இ:61 என்றால் ஃபோகஸ், இ:62 என்றால் கை நடுக்கத்தை ஈடுசெய்யும் பகுதி. பின்னிரண்டின் பொருள் மெக்கானிக்குக்கான சர்வீஸ் கையேட்டில் இருந்தது. வாங்கியவருக்குத் தந்த கையேட்டிலோ, அணைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள், சரியாகாவிட்டால் விற்பனையாளரை அணுகுங்கள் என்ற அளவோடு சரி. எழுதி வைத்த ஒரு பக்கத்தை அச்சிட்டுத் தருவதில் கம்பெனிக்கு என்ன நஷ்டம்?

தயாரிப்பாளர் தரப்பில் சொல்வதற்கு விஷயம் உண்டு. அதை லேசாக ஒதுக்கிவிட முடியாது. இவ்வளவு சிறிய லென்ஸில் ஒவ்வொரு கண்ணாடியும் மயிரிழை பிசகாமல் மையத்தில் நிற்க வேண்டும், சென்சார் சற்றே சாய்ந்தாலும் படத்தின் ஒரு பக்கம் மங்கிவிடும். வீட்டு மேசையில் ஸ்குரூ டிரைவரோடு உட்காருபவரால் அந்த அமைப்பைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆபத்தும் இருக்கிறது. ஃபிளாஷுக்கான மின்தேக்கி சுமார் 300 வோல்ட் வரை ஏறும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அந்த மின்னேற்றம் தங்கியிருக்கும், மூடியைத் திறந்து தெரியாமல் விரலை வைத்தவரைத் தூக்கிவாரிப்போடும். இதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். லென்ஸ் யூனிட்டை எல்லாரும் பிரித்துப் போட வேண்டும் என்பது என் கட்சியும் இல்லை. ஆனால் இந்த நியாயம் எதுவரை செல்லும் என்று பார்க்க வேண்டும். உள்ளே கை வைப்பது ஆபத்து என்பது, உள்ளே என்ன நடந்தது என்று சொல்லாமலிருப்பதற்குக் காரணமாகாது. துல்லியமான அமைப்பு என்பது, சென்னை ரிச்சி தெருவிலோ வேறெங்கோ கைதேர்ந்த மெக்கானிக்குக்கு உதிரிப் பாகத்தை விற்க மறுப்பதற்குக் காரணமாகாது. அடக்கத்துக்காகச் சில கதவுகளை மூட வேண்டியிருக்கிறது. அந்தச் சாக்கில் மூட அவசியமில்லாத கதவுகளையும் சேர்த்து மூடிவிட்டார்கள்.

கதவு திறந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மயோலி பயன்படுத்திய கேமராக்களில் ஒன்றான ஒலிம்பஸ் சி-5050ஐப் பார்க்கலாம். 2002இல் வந்தது. நான்கு சாதாரண டபுள் ஏ பேட்டரியில் ஓடும். ஸ்மார்ட்மீடியா, எக்ஸ்டி, காம்பாக்ட்ஃபிளாஷ் என்று மூன்று விதமான கார்டும் போடலாம். முதல் இரண்டும் எப்போதோ வழக்கொழிந்தன. மூன்றாவது இன்றும் கிடைக்கிறது. ஒலிம்பஸே கேமராத் தொழிலைக் கைமாற்றிவிட்டு 2021 ஜனவரியோடு விலகிக்கொண்டது. தயாரித்தவர் போன பின்பும், பெட்டிக்கடை பேட்டரியில் அந்தக் கேமரா வேலை செய்யும். அதே காலத்தில் எக்ஸ்டி கார்டு ஒன்றையே நம்பி வந்த சிறிய கேமராக்களுக்கு, உள்ளே எல்லாம் நன்றாக இருந்தும், இன்று கார்டு தேடி அலைய வேண்டும். சோனியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் சொல்ல வேண்டும்: 2012இன் முதல் ஆர்எக்ஸ்100 முதல் 2019இன் ஏழாவது மாடல் வரை ஒரே என்பி-பிஎக்ஸ்1 பேட்டரியை வைத்திருக்கிறார்கள். கேமராவின் அடக்கத்துக்கும் அது தடையாக இல்லை.

இன்னொரு ஆட்சேபம், இதற்கெல்லாம் எதற்குக் கவலை, போன் இருக்கிறதே என்பது. கணக்கு அவர்கள் பக்கம்தான். ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கத்தின் புள்ளிவிவரப்படி 2010இல் லென்ஸ் பொருத்திய சிறிய டிஜிட்டல் கேமராக்கள் 10 கோடிக்கு மேல் உலகச் சந்தைக்குப் போயின. 2023இல் அது 20 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. ஆனால் பழுது என்ற கோணத்தில் பார்த்தால் போன் என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. போனுக்குத் தெருவுக்குத் தெரு மெக்கானிக் இருக்கிறார், திரையும் பேட்டரியும் கடையில் கிடைக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த பழுதுபார்ப்பு உரிமைச் சட்டத்தின் பொருள் பட்டியலில் செல்போன் இருக்கிறது, கேமரா இல்லை. விற்பனை சுருங்கியதால் கேட்பார் குறைந்தார்கள். கேட்பார் குறைந்ததால் சட்டத்தின் கண்ணிலும் படவில்லை. கலிஃபோர்னியா மாநிலம் பரவாயில்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அதன் சட்டப்படி, 100 டாலருக்கு மேல் விலையுள்ள மின்னணுச் சாதனங்களின் உதிரிப் பாகங்களையும் பழுதுபார்க்கும் கையேடுகளையும், அந்த மாடல் கடைசியாகத் தயாரான நாளிலிருந்து ஏழு ஆண்டுகளுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். இந்தியாவில் 2022 டிசம்பரில் நுகர்வோர் துறை பழுதுபார்ப்பு உரிமைக்கென ஒரு தளத்தைத் தொடங்கியது. கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தும் சட்டமாக அது வளர வேண்டும். வருகிறபோது கேமராவையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும்.

காத்திருக்க நேரமில்லாத ஒரு காரணமும் இருக்கிறது. சில ஆண்டுகளாக இளைஞர்கள் 2000களின் பழைய சிசிடி கேமராக்களைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். அவற்றின் நிறம் பிடித்திருக்கிறது என்கிறார்கள், அந்த ரசனையில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் 2005இல் அறிவிப்பு வந்த மாடல்களும் அந்தக் குவியலில்தான் கிடக்கின்றன. இலவசச் சென்சார் மாற்றமெல்லாம் எப்போதோ முடிந்துபோயிற்று. வாங்கப் போகிறவர் சார்ஜ் ஏற்றிய பேட்டரியும், அந்தக் கேமரா ஏற்கும் வகைக் கார்டும் (எஸ்டி என்றால் 2 ஜிபிக்கு மிகாத பழையது) கையோடு கொண்டுபோகட்டும். லென்ஸைப் பத்து முறை நீட்டிச் சுருக்கிச் சத்தத்தைக் கேட்கட்டும். வானத்தைச் சிறிய துளையில் ஒன்று, சுவரைப் பல துளைகளில் நாலைந்து எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கட்டும். பேட்டரியைக் கழற்றி உடனே மாட்டினால் தேதியும் நேரமும் அழிந்துபோகிறதா என்றும் பார்க்க வேண்டும். அழிந்தால் உள்ளே இருக்கும் சிறு செல் செத்திருக்கலாம், அதற்காக மட்டும் கேமராவைக் கழிக்க வேண்டியதில்லை. 'சார்ஜர் இல்லை, போட்டுப் பார்க்கவில்லை' என்று விற்பவர் சொன்னால், உதிரிப் பாகத்துக்கு என்ன கொடுப்போமோ அதற்குமேல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.